பழைய ஜீப்பின் சேசியில் விரிசல்: காரணம் கண்டு, ஒட்டி, மீண்டும் வராமல் காக்கும் முறை

கொழும்பில் இன்றும் ஓடும் பழைய லேண்ட் ரோவர், வில்லிஸ், சுசுக்கி எஸ்.ஜே. 410, நாற்பதாம் வரிசை லேண்ட் குரூசர், முதல் இரண்டு தலைமுறைப் பஜெரோ ஆகிய எல்லாவற்றிலும் உடலிலிருந்து தனியே பிரிக்கக்கூடிய, ஏணி வடிவிலான உருக்குச் சேசி உண்டு. எஞ்சின், கியர்பெட்டி, அச்சுகள், உடல் என அனைத்தையும் தாங்குவது அதுதான். இந்தக் கட்டுரை அத்தகைய சேசிக்கு மட்டுமே பொருந்தும். 1999இல் வந்த மூன்றாம் தலைமுறைப் பஜெரோவிலும், லாடா நிவாவிலும் தனிச் சேசி கிடையாது. அவற்றின் உடலில் தோன்றும் விரிசலை இங்கே சொல்லப்படும் முறையில் ஒட்டக் கூடாது.

சேசியில் விரிசலைக் கண்டதும் பெரும்பாலானோர் அன்றைக்கே வாகனத்தைக் கராஜுக்குக் கொண்டுபோய், விரிசலின் மேல் ஒரு கோடு வெல்டிங் இழுத்து, அதன்மேல் ஒரு சதுரத் தகட்டை வைத்துச் சுற்றிவர ஒட்டி, கறுப்புப் பூச்சும் அடித்துவிடுகிறார்கள். சில மாதங்களில் அந்தத் தகட்டின் ஓரத்திலேயே புதிய விரிசல் விழுகிறது. ஒட்டியவர் கைத்திறன் அற்றவர் என்று அப்போது குறை சொல்வதில் நியாயமில்லை. விரிசலை உண்டாக்கிய விசை அப்படியே இருக்கிறது. தகட்டின் செங்குத்து ஓரம் அந்த விசை குவிவதற்கு ஒரு புதிய இடத்தையும் கொடுத்துவிட்டது. ஆகவே வெல்டிங் தொடங்குவதற்கு முன் செய்யும் வேலையே இதில் பெரும் பங்கு. அதில் பெரும்பகுதியை வாகனத்தின் சொந்தக்காரர் தானே செய்யலாம், செய்யவும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விரிசலைத் தேடுதல்

முதலில் சேசி முழுவதையும் உயர் அழுத்தத் தண்ணீரால் கழுவி, பழைய எண்ணெயும் சேறும் தார்ப்பூச்சும் போகச் சுரண்டி, வயர் பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். கறளின் நடுவே நூலிழை போன்ற ஒரு செம்பழுப்புக் கோடு தனியாக ஓடினால் அங்கே விரிசல் இருக்கலாம். கூர்ந்து பார்க்க வேண்டிய இடங்கள் இவை: ஸ்டியரிங் பெட்டி போல்ட் செய்யப்பட்டிருக்கும் பகுதி, பட்டை ஸ்பிரிங்கின் தாங்கிகள், ஷொக் அப்சோபரின் மேல்முனை, எஞ்சின் தாங்கிகள், குறுக்குச் சட்டம் நெடுஞ்சட்டத்தோடு (ஏணியின் நீண்ட கால்) சேரும் மூலை, பிற்காலத்தில் யாரோ துளைத்த ஒவ்வொரு துளையின் விளிம்பு. பழைய வெல்டிங் முடியும் புள்ளிகளையும் விட்டுவிடக் கூடாது.

கண்ணுக்குத் தெரியும் விரிசல் அதன் முழு நீளமல்ல. வெல்டிங் பொருட்கள் விற்கும் கடைகளில் விரிசல் காட்டும் சிவப்புச் சாயமும் அதற்குரிய வெள்ளைத் தூள் தெளிப்பானும் சேர்ந்து கிடைக்கும். சுத்தமாக்கிய உலோகத்தில் சிவப்புச் சாயத்தைத் தெளித்து, டப்பாவில் குறிப்பிட்டுள்ள நேரம், பொதுவாகப் பத்து நிமிடத்துக்குக் குறையாமல், ஊறவிட்டு, மேலே நிற்பதைத் துணியால் துடைத்துவிட்டு வெள்ளைத் தூளைத் தெளித்தால், விரிசலுக்குள் புகுந்த சாயம் வெளியே கசிந்து சிவப்புக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் இரு முனைகளையும் மையக் குத்தூசியால் உடனே அடையாளமிட்டுக்கொள்ள வேண்டும்.

விரிசல் ஓடும் திசையும் ஒரு செய்தியைச் சொல்கிறது. உலோகத்தை இழுக்கும் விசைக்குக் குறுக்காகவே விரிசல் வளரும். நெடுஞ்சட்டத்தின் அடிப்பக்கத்தில் குறுக்காக விழுந்திருந்தால் சுமையால் சட்டம் வளைந்திருக்கிறது என்று பொருள். பக்கச் சுவரில் சாய்வாக ஓடினால் சேசி முறுக்கப்பட்டிருக்கிறது. வில்பத்துவின் மணற்பாதையை விட, மீமுரே போன்ற மலைப்பாதைகளில் எதிரெதிர் மூலைச் சில்லுகள் மாறிமாறித் தூக்கப்படும்போதே இது மிகுதியாக நேரும். ஒரு போல்ட் துளையைச் சுற்றி நட்சத்திரம் போல விரிந்திருந்தால் அந்த போல்ட் நீண்ட காலம் தளர்ந்து ஆடியிருக்கிறது.

காரணம் தெரிந்த பிறகே அடுத்த அடி. இங்கே அடிக்கடி காணப்படுபவை சில உண்டு. ஸ்பிரிங்கின் முனையைச் சேசியோடு இணைத்து ஆடும் ஷெக்கல் கறள் பிடித்து அசையாமல் இறுகினால், பட்டைகள் நீண்டு நிமிர முடியாதபடி ஸ்பிரிங்கைப் பூட்டிவிடுகிறது. அப்போது குழியின் அடி முழுவதும் தாங்கியில் விழுகிறது. அகலமான, பெரிய டயர்களைப் பூட்டினால் ஸ்டியரிங் பெட்டியின் மேல் வரும் விசை கூடுகிறது. பழைய பெற்றோல் எஞ்சினை எடுத்துவிட்டு ஜப்பானிய டீசல் எஞ்சினைப் பொருத்திய ஜீப்புகளில், புதிய எஞ்சினுக்கென்று வெட்டி ஒட்டிய தாங்கிகள் சட்டத்தின் மெல்லிய பக்கச் சுவரில் நேரடியாகத் தொங்குவதுண்டு. உடல் தாங்கி ரப்பர்கள் நைந்து போயிருத்தல், குறுக்குச் சட்டத்தின் போல்ட்டுகளைக் கழற்றியவர்கள் திரும்பப் பூட்டாமல் விட்டிருத்தல் ஆகியனவும் இந்த வரிசையில் சேரும். இவற்றில் ஒன்றைக் கண்டுபிடித்துச் சரிசெய்யாமல் வெல்டிங்குக்குப் போவது பணத்தையும் நாளையும் வீணாக்குவதே.

விரிசலா, அரிப்பா?

லேண்ட் ரோவர் 1948இல் அறிமுகமானபோதே அதன் உடல் அலுமினியக் கலப்புலோகத்தால் ஆனது, சேசி உருக்கால் ஆனது. உடல் கறள் பிடிக்காது. அதனால் மேலே பளபளப்பாக நிற்கும் வாகனத்தின் அடியில் சேசி உள்ளிருந்தே அரிக்கப்பட்டுக்கொண்டிருப்பது வெளியே தெரிவதில்லை. காலிமுகத்திடலிலிருந்து கல்கிசை வரையான கரையோரத்தில் நிறுத்தப்படும் எந்த வாகனத்துக்கும் உப்புக்காற்று இந்தத் தீங்கைச் செய்யும். பெட்டி வடிவச் சட்டத்தின் உள்ளே சேரும் ஈரமும் மணலும், வடிகால் துளைகள் அடைபட்டிருந்தால், மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவமழைக் காலம் முழுவதும் காயாமல் கிடக்கும்.

சிறு சுத்தியலால் சட்டம் நெடுகத் தட்டிக்கொண்டு வாருங்கள். நல்ல உருக்கு மணி போல ஒலிக்கும். அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். மந்தமான இடத்தில் தட்டையான திருப்புளியை வைத்து அழுத்திக் குத்திப் பார்க்க வேண்டும். பழைய லேண்ட் ரோவரின் பெட்டிச் சட்டத்தின் சுவர் சுமார் 2 மி.மீ. தடிப்பே உடையது, அதில் ஒரு மில்லிமீற்றர் போய்விட்டால் எஞ்சியதில் வெல்டிங் நிற்காது, உருகி ஓட்டை விழும். அங்கே நல்ல உலோகம் வரும்வரை வெட்டி எடுத்துவிட்டுப் புதிய துண்டைப் பொருத்துவதே வழி. ஒரே நெடுஞ்சட்டத்தில் பல இடங்கள் இப்படி இருந்தால், அல்லது ஸ்பிரிங் தாங்கிகள் அமரும் பகுதியே உதிரும் அளவுக்கு அரித்திருந்தால், ஒட்டும் எண்ணத்தைக் கைவிட்டுச் சேசியையே மாற்றுவதைப் பற்றி யோசிப்பது நல்லது. அதைச் செய்வதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எழுத்துமூலம் விசாரித்துக்கொள்ள வேண்டும். திருத்த வேலையின்போதும் சேசி இலக்கம் பொறிக்கப்பட்ட இடத்தைத் தேய்க்கவோ, தகட்டால் மூடவோ கூடாது. வேலைக்கு முன்பும் பின்பும் அந்த இலக்கத்தைத் தெளிவாகப் படமெடுத்து வைப்பது பின்னொரு நாள் உடைமை மாற்றத்தின்போது உதவும்.

அளவெடுத்தல்

விரிசல் விழுந்த சேசி கோணியும் இருக்கலாம். கோணலான நிலையிலேயே ஒட்டிவிட்டால் பின்னர் நிமிர்த்துவது மிகக் கடினம். சமமான சீமெந்துத் தரையில் வாகனத்தை நிறுத்தி, ஸ்பிரிங் தாங்கிகள், உடல் தாங்கிகள் போன்ற இருபக்கமும் ஒத்த புள்ளிகளிலிருந்து தூக்குக் குண்டை இறக்கித் தரையில் சோக்கால் குறித்து, வாகனத்தை நகர்த்திவிட்டு மூலைக்கு மூலை குறுக்கு அளவுகளை ஒப்பிடுங்கள். தயாரிப்பாளரின் பட்டறைக் கைந்நூலில் இந்த அளவுகளும் அனுமதிக்கப்பட்ட வேறுபாடும் இருக்கும். அந்தக் கைந்நூல் கையில் இல்லாவிட்டால், இரு குறுக்களவுகளுக்கும் இடையில் 5 மி.மீ.க்கு மேல் வேறுபாடு வரும் சேசியை, இழுத்து நிமிர்த்தும் கருவி உள்ள இடத்துக்கு முதலில் கொண்டுபோக வேண்டும் என்பதே நான் பின்பற்றும் அளவுகோல்.

ஆயத்தம்

இந்த வேலையில் உயிராபத்து வெல்டிங் சுடரால் மட்டும் வருவதில்லை. எரிபொருள் தாங்கியைக் கழற்றி அப்பால் வைத்து, விரிசலுக்கு அருகே ஓடும் எரிபொருள் குழாய்களையும் பிரேக் குழாய்களையும் அகற்ற வேண்டும். லேண்ட் ரோவரில் பின்விளக்குகளுக்குப் போகும் மின்கம்பிக் கற்றை சேசியின் உள்ளேயே ஓடுகிறது என்பதால் அதை இழுத்து வெளியே எடுக்காமல் வெல்டிங் செய்தால் உள்ளே புகைந்து எரியும். பற்றரியின் இரு முனைகளையும், ஒல்டர்னேற்றரின் இணைப்பையும் கழற்றுங்கள். வெல்டிங் இயந்திரத்தின் தரைக்கவ்வியை ஒட்டும் இடத்துக்கு மிக அருகே, சுரண்டிய உலோகத்தில் பூட்ட வேண்டும். தூரத்தில் பூட்டினால் மின்னோட்டம் பெயாரிங்குகள் வழியாகப் பாய்ந்து அவற்றைக் கெடுக்கும்.

பிரேக் பாகங்களைக் கழுவும் தெளிப்பான்களில் சில குளோரீன் கலந்தவை. அவற்றால் துடைத்த உலோகத்தில் வெல்டிங் சுடர் படும்போது பொஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். சிறிதளவு சுவாசித்தாலும் நுரையீரல் பாதிக்கப்படலாம். எண்ணெய்ப் பிசுக்கை அசற்றோன் கொண்டு துடைத்து, அது முற்றாக உலர்ந்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். நாகப்பூச்சுள்ள உலோகத்தின் பூச்சையும் அரைத்து அகற்ற வேண்டும்; அதன் வெண்புகை காய்ச்சலை உண்டாக்கும். தீயணைப்புக் கருவி ஒன்றும், வெல்டிங்கின் போதும் அதன் பின் அரை மணி நேரமும் தீப்பொறி விழுந்த இடங்களைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் கட்டாயம் தேவை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அடுக்குமாடி வீட்டின் வாகனத் தரிப்பிடத்தில் இதைச் செய்ய முயல வேண்டாம். வீட்டின் 13 அம்பியர் சொக்கெட் இதற்கான இயந்திரத்துக்குப் போதாது என்பது ஒரு பக்கம். அங்கே உங்கள் வாகனத்தோடு அயலவரின் வாகனங்களும் நிற்கின்றன.

பின்னர் விரிசலின் இருபுறமும் உறுதியான தாங்கிகளைச் சேசிக்கு நேர் கீழே வைத்து, அச்சின் எடை தொங்கி இழுக்காதபடி ஜாக்கியால் சிறிது சிறிதாக உயர்த்தினால், திறந்திருந்த விரிசல் மெல்ல மூடும். மூடியதும் முன்பு எடுத்த அளவுகளை மீண்டும் சரிபாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வாகனத்தின் அடியில் படுக்கக் கூடாது.

ஒட்டுதல்

சிவப்புச் சாயம் காட்டிய முனையிலிருந்து ஓரிரு மில்லிமீற்றர் அப்பால் 4 மி.மீ. அளவில் ஒரு துளை இட வேண்டும். கூரான முனையில் குவியும் விசை வட்டமான துளையில் பரவிவிடுவதால், வெல்டிங்கின் சூட்டில் விரிசல் மேலும் ஓடாது. அதன் பிறகு கிரைண்டரால் விரிசல் நெடுக, உலோகத்தின் முழுத் தடிப்புக்கும், இரு சரிவுகளும் சேர்ந்து 60 பாகை வரும்படி ஒரு பள்ளம் அரைத்து, அடியில் ஏறத்தாழ 2 மி.மீ. இடைவெளி விட வேண்டும். விரிசலின் மேல்மட்டத்தை மட்டும் மூடும் வெல்டிங், அடியில் விரிசலை அப்படியே விட்டுவிடுகிறது. அது மறுபடி மேலே வருவது உறுதி. பெட்டிச் சட்டத்தில் உட்பக்கம் எட்டாது என்பதால், மெல்லிய உருக்குப் பட்டி ஒன்றை இடைவெளி வழியாக உள்ளே நுழைத்துப் பின்தாங்கலாக வைத்துக்கொள்ளலாம். விரிசல் சட்டத்தின் ஓரம்வரை போயிருந்தால், அந்த ஓரத்தில் ஒரு சிறு தகட்டுத் துண்டைத் தற்காலிகமாக ஒட்டி, வெல்டிங்கை அந்தத் துண்டிலிருந்து தொடங்கி, முடிந்ததும் துண்டை வெட்டி ஓரத்தை வழுவழுப்பாக அரைக்க வேண்டும். தொடக்கத்தில் உண்டாகும் குறைகள் அந்தத் துண்டோடு போய்விடும்.

கம்பி தானாக வந்து வாயுத் திரைக்குள் உருகும் மிக் இயந்திரமானால் ஈஆர் 70 எஸ்-6 வகை, 0.8 மி.மீ. கம்பியும், ஆகனோடு காபனீரொட்சைட்டுக் கலந்த வாயுவும் பொருத்தம். திறந்த முற்றத்தில் கடற்காற்று வாயுத் திரையைக் கலைத்து வெல்டிங்கில் நுண்துளைகளை உண்டாக்கும் என்பதால் தடுப்புத் தட்டி தேவை. குச்சி வெல்டிங்கானால் ஈ 7018 வகை உறுதியானது. ஆனால் கொழும்பின் ஈரக்காற்றில் பக்கற் உடைத்த குச்சிகள் விரைவாக ஈரத்தை உறிஞ்சி, உலோகத்துக்குள் ஐதரசனைக் கொண்டுபோய், பிறகு தானாகவே வெடிப்பு வரச் செய்யும். சூட்டுப்பெட்டியில் வைத்துப் பயன்படுத்தாத கராஜில் அந்தக் குச்சியின் பெயரால் மட்டும் பயனில்லை. அங்கே உலர்ந்த ஈ 6013 குச்சியை, 2.5 மி.மீ. அளவில், சுமார் 70 முதல் 90 அம்பியரில் கவனமாகப் பயன்படுத்துவதே மேல். பழைய ஜீப்புகளின் சேசி சாதாரண மென்னுருக்கு என்பதால் இவை போதும். கனரக லொறிகளின் வெப்பமூட்டிக் கடினப்படுத்திய சட்டங்களுக்கு இதைப் பின்பற்றக் கூடாது.

ஒரே மூச்சில் முழு நீளத்தையும் இழுக்காமல், 25 முதல் 40 மி.மீ. துண்டுகளாக, இடம் மாற்றி மாற்றி ஒட்டி, ஒவ்வொன்றும் கையால் தொடக்கூடிய அளவுக்குத் தானாக ஆற விட வேண்டும். நேரம் மிச்சம் பிடிப்பதற்காகத் தண்ணீர் ஊற்றுவதை எவ்வளவு அனுபவமுள்ளவர் செய்தாலும் தடுத்துவிடுங்கள். திடீரெனக் குளிரும் உருக்கு நொறுங்கும் தன்மை அடைகிறது. துளைகளையும் வெல்டிங்கால் நிரப்பி, எல்லாவற்றையும் சட்டத்தின் மட்டத்துக்கு அரைத்து, கிரைண்டரின் கீறல்கள் சட்டத்தின் நீளவாக்கில் ஓடும்படி முடிக்க வேண்டும். குறுக்குக் கீறல் ஒவ்வொன்றும் ஒரு புதிய விரிசலின் தொடக்கமாகலாம்.

வலுவூட்டும் தகடு

தகட்டின் தடிப்பு சட்டத்தின் தடிப்பை மிஞ்சக் கூடாது. தடித்த தகடு வைத்தால் வலு கூடும் என்ற எண்ணம் மிகப் பரவலானது. உண்மையில் அது அந்த இடத்தை மட்டும் விறைப்பாக்கி, வளைவு முழுவதையும் தகடு முடியும் கோட்டுக்குத் தள்ளிவிடுகிறது. ஏணிச் சேசி சிறிது முறுகி வளைவதற்காகவே அமைந்தது. ஆகவே விறைப்பு படிப்படியாக மாற வேண்டும்: தகட்டை நீண்ட சாய்சதுரமாகவோ, இருமுனையும் படகின் முனை போலக் கூம்பியதாகவோ வெட்டி, மூலைகளை உருட்டி, விரிசலிலிருந்து இருபக்கமும் 100 முதல் 150 மி.மீ. வரை நீள விடுங்கள். வெல்டிங் கோடுகள் சட்டத்தின் நீளத்தோடு சாய்ந்து ஓட வேண்டும். நேர் செங்குத்தாக ஒரு கோடும் வரக் கூடாது. சட்டத்தின் மேல், கீழ் ஓரங்களிலிருந்து தகடு சற்று உள்வாங்கி நிற்பதும், ஓரத்தின் குறுக்கே வெல்டிங் இழுக்காமல் இருப்பதும் அவசியம், ஏனெனில் வளைவின்போது மிகுந்த இழுவிசை வருவது அந்த ஓரங்களில்தான். தகட்டில் 12 மி.மீ. துளைகள் சிலவற்றை இட்டு, அவற்றின் வழியாக அடிச்சட்டத்தோடு ஒட்டினால் நடுப்பகுதியும் சேர்ந்து விசையைத் தாங்கும்.

ஸ்டியரிங் பெட்டி இருக்கும் பகுதிக்கு இன்னும் ஒரு கவனம் வேண்டும். பழைய ஜீப்புகளில் பெட்டியின் போல்ட்டுகள் மெல்லிய சுவரில் இறுக்கப்படுவதால், சட்டம் நசிந்து, போல்ட் தளர்ந்து, துளை நீள்வட்டமாகி, அங்கிருந்தே விரிசல் கிளம்புகிறது. சட்டத்தின் குறுக்கே உருக்குக் குழாய்த் துண்டுகளைச் செருகி இரு சுவர்களிலும் ஒட்டி, போல்ட் அவற்றினூடாகச் செல்லும்படி செய்தால், எவ்வளவு இறுக்கினாலும் சட்டம் நசியாது. நீள்வட்டமான பழைய துளைகளை முற்றாக நிரப்பி அரைத்த பின், ஸ்டியரிங் பெட்டியையே மாதிரியாக வைத்துப் புதிதாகத் துளைக்க வேண்டும். திறந்த ‘ப’ வடிவச் சட்டமாக இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் நாலாவது பக்கமும் மூடிப் பெட்டியாக்கலாம். ஆனால் மூடும் தகட்டின் முனைகளும் கூம்பியே முடிய வேண்டும். இப்படித் திருத்திய பின்னும் ஸ்டியரிங்கில் ஆட்டம் இருந்தால் வாகனத்தை வீதிக்குக் கொண்டுபோகக் கூடாது.

வெல்டிங்கை வேறொருவரிடம் கொடுப்பவர், தகட்டின் வடிவத்தைத் தடித்த அட்டையில் வெட்டிச் சேசியில் பொருத்திப் பார்த்துவிட்டு அந்த அட்டையையே கையில் கொண்டுபோவது மிகவும் பயனுள்ளது. “இந்த வடிவத்தில், இதே தடிப்பில், செங்குத்துக் கோடு இல்லாமல்” என்று காட்டிச் சொன்னால் வெல்டிங் செய்யும் பாஸுக்கும் குழப்பமிருக்காது, மொழி வேறாக இருந்தாலும் அட்டை பேசிவிடும். தகட்டைப் பழைய சோனகத் தெரு இரும்புக் கடைகளில் தடிப்பை அளந்து வாங்குங்கள். ஷெக்கல், தாங்கிகள் போன்றவை பஞ்சிகாவத்தையில் பழையதாகக் கிடைக்கும். அவற்றையும் சாயம் தெளித்துப் பார்த்த பிறகே பூட்ட வேண்டும், ஏனெனில் அவையும் அதே வயதுடைய, அதே பாதைகளில் ஓடிய வாகனங்களிலிருந்து வந்தவை.

பூச்சும் பின்பார்வையும்

வெல்டிங் முடிந்து ஒரு நாள் கழித்துச் சிவப்புச் சாயத்தால் மீண்டும் சோதித்து, குறையில்லை என்று கண்ட பிறகே பூச்சு. நாகம் செறிந்த முதற்பூச்சை வெறும் உலோகத்தில் அடித்து, அதன்மேல் எபொக்சிப் பூச்சு இரண்டு தடவை அடிக்கலாம். பெட்டிச் சட்டத்தின் உட்பக்கத்தில் வெல்டிங் சூட்டால் பழைய பாதுகாப்பு முழுவதும் எரிந்திருக்கும். நீண்ட குழாய் முனை கொண்ட தெளிப்பானால் மெழுகுப் பூச்சை உள்ளே செலுத்தி, வடிகால் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கழிவு எஞ்சின் எண்ணெயைச் சேசியில் தெளிக்கும் பழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை. அது ரப்பர் புஷ்களை ஊதச் செய்கிறது, மழையோடு கால்வாய்க்குப் போகிறது, அடுத்த விரிசலையும் மறைத்துவிடுகிறது.

திருத்திய இடத்துக்கு மட்டும் வெள்ளை அல்லது வெளிர்சாம்பல் நிறம் பூசுங்கள். கறுப்பில் தெரியாத நூலிழைக் கோடு வெளிர்நிறத்தில் கறள் கசிந்து உடனே தெரியும். முதல் 500 கிலோமீற்றருக்குப் பின்னும், அதற்குப் பிறகு ஒவ்வொரு காட்டுப்பயணம் முடிந்து வாகனத்தைக் கழுவும்போதும், தகட்டின் இரு கூர்முனைகளையும், எதிர்ப்பக்க நெடுஞ்சட்டத்தில் அதே இடத்தையும் ஒரு மின்விளக்கோடு குனிந்து பார்த்து, ஸ்டியரிங் பெட்டியின் போல்ட்டுகளை இறுக்கு அளவுக்கருவியால் சரிபார்க்க வேண்டும்.